சோக் போட்டா மட்டும் ஓடுற ஸ்னோ ப்ளோயர்: சரி பண்றதா, புதுசு வாங்குறதா?

நீங்க கேட்டதை ஒரு தடவை திருப்பி சொல்லிக்கிறேன், நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. டொராண்டோ பக்கம் மில்டன்ல வீடு வாங்கி இது ரெண்டாவது விண்டர். ரெண்டு கார் பக்கத்துல பக்கத்துல நிக்கிற டிரைவ்வே. போன ஏப்ரல்ல கிஜிஜில (பழைய சாமான் வாங்கி விக்கிற வெப்சைட்) 450 டாலருக்கு ஒரு எட்டு வருஷ பழைய டூ-ஸ்டேஜ் ஸ்னோ ப்ளோயர், அதாவது ஸ்னோவை அள்ளி தூர வீசுற பெட்ரோல் மெஷின், வாங்கி கராஜ் மூலைல தள்ளி வச்சிருந்தீங்க. இப்ப நவம்பர்ல எடுத்து கயிறை இழுத்தா, சோக் (என்ஜினுக்கு போற காத்தை அடைக்கிற மூடி) முழுசா போட்டா ஓடுது, சோக்கை எடுத்தா ரெண்டு மூணு வாட்டி சத்தம் ஏறி இறங்கி அணைஞ்சிடுது. கடையில 200 டாலர் கேக்குறாங்க. சரி பண்றதா, வித்துட்டு பேட்டரி மெஷின் வாங்குறதா?

சரி பண்ணுங்க. அதுவும் நீங்களே பண்ணுங்க. நீங்க சொன்ன அறிகுறியை வச்சு பாத்தா என்ஜின்ல ஒரு கோளாறும் இருக்கிற மாதிரி தெரியல, ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் டேங்க்ல கிடந்த பெட்ரோல்தான் வேலையைக் காட்டியிருக்கு. நான் இந்தப் பக்கம் ஏஜாக்ஸ் வந்து பதினெட்டு விண்டர் ஆச்சு, என் மெஷின், தெருவுல உள்ளவங்க மெஷின், கோயில்ல பழக்கமானவங்க மெஷின்னு பாத்துக் கொடுத்ததுல, "செத்துப் போச்சு"ன்னு சொன்ன மெஷின்ல முக்காவாசி பழைய பெட்ரோல் கேஸ்தான்.

எனக்கு இதை சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன். நான் வந்த ரெண்டாவது வருஷம், கயிறை இழுத்து இழுத்து தோள்பட்டை கழண்டு போய் நிக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் டீ கப்போட நின்னு பாத்துட்டு, "தம்பி, உது பழைய பெற்றோல். முதல்ல அதை ஊத்திப்போட்டு புதுசு விட்டுப் பாரும்"னு சொன்னார். ஊத்திட்டு புதுசு விட்டேன், நாலாவது இழுப்புல பிடிச்சுது. அன்னைக்கு நான் கடைக்கு கொண்டு போயிருந்தா, மூணு வாரம் வச்சிருந்து பில் போட்டுத்தான் கொடுத்திருப்பாங்க, டிசம்பர்ல எல்லா கடையிலயும் க்யூதான்.

பெட்ரோல் ஏன் கெட்டுப்போகுதுன்னா, இங்க ஒன்டாரியோல ரெகுலர் பெட்ரோல்ல பத்து சதவீத அளவுக்கு எத்தனால் கலந்திருக்கு. எத்தனால் காத்துல உள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பிரிஞ்சு அடியில போய் உக்காந்துக்கும். என்ஜின் குடிக்கிறது அடியில உள்ளதைத்தானே. அது ஒரு பக்கம்னா, இன்னொரு பக்கம் பெட்ரோல்ல உள்ள லேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசின் மாதிரி ஆகி, பெட்ரோலையும் காத்தையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர்ல (சுருக்கமா கார்ப்) உள்ள துளைகள்ல பூசிக்கும். தோசைக்கல்லு ஓரத்துல கருகின எண்ணெய் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி. அந்த துளைகளோ ஊசிமுனை அளவுதான் இருக்கும். சின்ன துளை அடைச்சா பெட்ரோல் கம்மியா வரும், காத்து அதிகமாயிடும். சோக் போட்டா காத்தை அடைக்கிறோம், அதனால கலவை சரியாகி ஓடுது. சோக்கை எடுத்தா மறுபடி காத்து ஜாஸ்தியாகி செத்துடுது. உங்க மெஷின் பண்றது அப்படியே இதுதான்.

இப்ப வேலை. பத்து எம்.எம். ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூட்ரைவர், ஒரு டப்பா கார்ப் க்ளீனர், கையுறை, கண்ணாடி ஜாடி ஒண்ணு. கராஜ்ல உள்ள பர்னஸ், வாட்டர் ஹீட்டர் பக்கம் வேண்டாம், வெளிய டிரைவ்வேல வச்சு பண்ணுங்க, நெருப்பு பக்கத்துல இருக்கக்கூடாது, ஸ்பார்க் ப்ளக் வயரை கழட்டி ஓரமா வச்சிடுங்க. முதல்ல டேங்க்ல உள்ளதை ஜாடியில கொஞ்சம் பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க. அடியில முத்து முத்தா உருண்டு நின்னா அது தண்ணி. நிறம் டீ டிகாஷன் மாதிரி இருந்து வார்னிஷ் வாடை அடிச்சா பெட்ரோல் போயிடுச்சு. ரெண்டுல எதுவா இருந்தாலும் டேங்க்கை மொத்தமா காலி பண்ணிடுங்க, பாதி பழசு பாதி புதுசு கலக்குற வேலை வேண்டாம்.

புதுசா ஒரு லிட்டர் ஊத்தி, ப்ளக் வயரை திரும்ப மாட்டி, சோக்கை பாதியில வச்சு ஒரு பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க. லேசான அடைப்பா இருந்தா இதுலயே கரைஞ்சு போயிடும். போகலைன்னா வயரை மறுபடி கழட்டிட்டு கார்ப்பை தொறக்கணும். ஸ்னோ ப்ளோயர்ல கார்ப் நேரா தெரியாது, பனி உள்ள போகாம இருக்க ஒரு தகரப்பெட்டி மாதிரி மூடி போட்டிருப்பாங்க, சோக் குமிழை இழுத்து எடுத்துட்டு அந்த மூடியோட ஸ்க்ரூவை கழட்டணும், கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல நாலு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டைன்னு ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து யோசிக்கிற கொடுமை வேண்டாம். பெட்ரோல் வால்வை மூடிட்டு, கார்ப்புக்கு கீழ கிண்ணம் மாதிரி தொங்குதே, அதோட அடி போல்ட்டை கழட்டுங்க. கிண்ணம் கையோட வரும். உள்ள வெள்ளையா உப்பு படிஞ்ச மாதிரியோ பச்சையா களிம்பு மாதிரியோ இருந்தா ஆச்சரியப்படாதீங்க. கிண்ணம் இருந்த இடத்துல நடுவுல ஒரு தூண் நிக்கும், அதுக்குள்ள பித்தளைல சின்ன ஸ்க்ரூ மாதிரி இருக்கிறது மெயின் ஜெட். பொருத்தமான ஸ்க்ரூட்ரைவர் போட்டு மெதுவா கழட்டுங்க, பித்தளை மெத்து, வழுக்கினா தலை போயிடும். கழட்டினதை வானத்துக்கு நேரா பிடிச்சு ஒரு கண்ணால பாருங்க. நடுவுல ஊசிமுனை அளவு வட்டமா வெளிச்சம் தெரியணும். தெரியலைன்னா, இல்ல பிறை மாதிரி கோணலா தெரிஞ்சா அடைச்சிருக்கு. க்ளீனர் அடிச்சு ஊற விட்டு, கித்தார் கம்பியோ, மெல்லிசு காப்பர் வயர்ல ஒரு இழையோ விட்டு தள்ளுங்க. ட்ரில் பிட், கெட்டி ஊசி போட்டு குத்தாதீங்க, துளை கொஞ்சம் பெருசாச்சுன்னாலும் அந்த ஜெட் அவ்ளோதான்.

உங்களுக்கு சிக்கல் பெரும்பாலும் மெயின் ஜெட்ல இல்ல, பைலட் ஜெட்ல, அதாவது என்ஜின் மெதுவா ஓடும்போது பெட்ரோல் விடுற குட்டி ஜெட்ல. ஹோண்டா டிசைனை காப்பி அடிச்ச என்ஜின்கள்ல ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூவை முழுசா கழட்டினா அதுக்கு கீழ கருப்பு பிளாஸ்டிக் தலையோட ஒண்ணு உக்காந்திருக்கும், லேசா நெம்பினா மேல வந்துடும். அதோட துளை மெயின் ஜெட்டை விட சின்னது, அதனால முதல்ல அடைக்கிறதே அதுதான். ரெண்டையும் சுத்தம் பண்ணி, கார்ப்போட உடம்புல உள்ள எல்லா ஓட்டையிலயும் க்ளீனர் அடிச்சு, ஒரு பக்கம் அடிச்சா மறுபக்கம் வெளிய வருதான்னு பாத்து (கண்ணாடி போட்டுக்கோங்க, திருப்பி கண்ணுலதான் அடிக்கும், அனுபவம்) மாட்டிடுங்க. முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகும், அடுத்த தடவை இருபது நிமிஷம். இவ்ளோ பொறுமை இல்லைன்னா இந்த மாதிரி என்ஜினுக்கு புது கார்ப்பே ஆன்லைன்ல 30, 40 டாலருக்கு கிடைக்குது, மாத்திட்டு போயிட்டே இருக்கலாம். அதுல தரம் முன்ன பின்ன இருக்கும், ஆனா 200 டாலர் கொடுக்குறதுக்கு இது மேல்.

சுத்தமா ஸ்டார்ட்டே ஆகலைங்கிற கேஸ் வேற. அதுக்கு முதல்ல சாவி. சிரிக்காதீங்க, அந்த சிவப்பு பிளாஸ்டிக் சாவியை முழுசா அழுத்தாம அரை மணி நேரம் இழுத்தவங்களை எனக்கு தெரியும், அதுல ஒருத்தன் நான். அப்புறம் பெட்ரோல் வால்வு தொறந்திருக்கா, த்ராட்டில் (வேக லீவர்) முயல் படத்துல இருக்கா, சோக் முழுசா போட்டாச்சா, ப்ரைமரை (பெட்ரோலை உள்ள தள்ற ரப்பர் குமிழ்) ரெண்டு மூணு அழுத்து அழுத்தியாச்சா. இதெல்லாம் சரின்னா அஞ்சாறு இழு இழுத்துட்டு ஸ்பார்க் ப்ளக்கை கழட்டி முனையை பாருங்க. காஞ்சு கிடந்தா பெட்ரோல் வந்து சேரல, கார்ப் பக்கம் போங்க. நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, நெருப்பு வரல, இல்லைன்னா ப்ரைமரை ஆசை தீர அழுத்தி மூழ்கடிச்சிட்டீங்க. ப்ளக் அஞ்சாறு டாலர், சந்தேகமா இருந்தா மாத்திடுங்க, இடைவெளி பொதுவா 0.76 எம்.எம். வச்சிருப்பாங்க, உங்க மேனுவல்ல ஒரு தடவை பாத்துக்கோங்க. கொஞ்ச நேரம் நல்லா ஓடிட்டு நின்னு, பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி ஓடுதுன்னா டேங்க் மூடியை லூஸ் பண்ணி பாருங்க, மூடில காத்து போற ஓட்டை ஐஸ் பிடிச்சு அடைச்சிருக்கும். ஆயில் பெரும்பாலான என்ஜினுக்கு 5டபிள்யூ-30 சிந்தெடிக், மைனஸ் இருபதுல கெட்டியான ஆயிலை வச்சு இழுத்தா மெஷினுக்கு முன்னாடி நம்ம தோள் போயிடும். கரண்ட் ஸ்டார்ட்டர் இருந்தா அஞ்சு செகண்டுக்கு மேல பட்டனை அழுத்திப் பிடிக்காதீங்க, விட்டு விட்டு அழுத்துங்க.

அடுத்து, என்ஜின் ஜம்முன்னு ஓடுது, ஆனா முன்னாடி ஆகர், அதாவது ஸ்னோவை உடைச்சு உள்ள இழுக்கிற திருகு, சுத்தல. இது எனக்கு ஒரு பொங்கலன்னைக்கு நடந்துச்சு. காலைல பால் பொங்குற நேரத்துக்குள்ள வாசலை சுத்தம் பண்ணிடலாம்னு இறங்கினேன், டிரைவ்வே ஓரத்துல ஸ்னோவுக்குள்ள மூணு நாள் முன்னாடி போட்டுட்டு போன விளம்பர பேப்பர் கட்டு, பிளாஸ்டிக் பையோட நனைஞ்சு உறைஞ்சு செங்கல் மாதிரி கிடந்திருக்கு. டக்குனு ஒரு சத்தம். இடது பக்க ஆகர் நின்னு போச்சு, வலது பக்கம் மட்டும் சுத்துது. ஷியர் பின் உடைஞ்சிருக்கு. அது கெட்டது இல்ல, அது உடையறதுக்குன்னே செஞ்ச பின், தான் உடைஞ்சு கியர்பாக்ஸை காப்பாத்தும், நம்ம வீட்டு ப்யூஸ் கம்பி மாதிரி. ஆனா ப்யூஸ் போன இடத்துல ஆணியை சொருகுற ஆளுங்க நம்ம ஊர்லயும் உண்டு, இங்கயும் உண்டு. ஹார்ட்வேர் கடையில கெட்டி போல்ட் வாங்கி போட்டுட்டா அடுத்த தடவை பின் உடையாது, கியர்பாக்ஸ் உடையும், அது 300, 400 டாலர் வேலை. உங்க மாடலுக்கான பின் நாலஞ்சு வாங்கி ஹேண்டில்லயே டேப் போட்டு ஒட்டி வச்சுக்கோங்க. பொங்கலன்னைக்கு கடை தொறந்திருந்துச்சு, ஆனா கடைக்கு போக காரை வெளிய எடுக்கணுமே.

ரெண்டு பக்கமும் சுத்தலைன்னா பெரும்பாலும் பின் காரணம் இல்ல, ஒண்ணு பெல்ட், இல்லைன்னா கேபிள். லீவரை அழுத்தும்போது கேபிள் தொய்வா இருந்தா அட்ஜஸ்ட் பண்ணுங்க. ரப்பர் கருகுற வாடை வந்தா பெல்ட். பெல்ட் வாங்கும்போது கார் கடையில அளவு பாத்து ஏதோ ஒண்ணு வாங்காதீங்க, ஸ்னோ ப்ளோயர் பெல்ட் வழுக்கி வழுக்கி பிடிக்கணும்னே வேற மாதிரி செஞ்சது. மெஷின் முன்னால நகரலைன்னா அடியில உள்ள ப்ரிக்ஷன் டிஸ்க்கோட (சக்கரத்துக்கு ஓட்டம் கொடுக்கிற தட்டு) ரப்பர் தேஞ்சிருக்கும், இல்லைன்னா அதுல ஈரமோ கிரீஸோ பட்டிருக்கும். ஒரு பக்கமாவே இழுத்துட்டு போச்சுன்னா வேற எங்கயும் தேடாதீங்க, ரெண்டு டயர்லயும் காத்து சமமா இருக்கான்னு பாருங்க, அப்புறம் ரெண்டு பக்க ஸ்கிட் ஷூவும் (முன் பெட்டியை தாங்கி தரையில சறுக்கிற இரும்புப் பட்டை) ஒரே உயரத்துல இருக்கான்னு பாருங்க. தார் டிரைவ்வேன்னா தரையை வழிக்கிற ஸ்க்ரேப்பர் பட்டைக்கு கீழ ஒரு தடிமனான அட்டையை வச்சுட்டு ஷூவை தரையில இறக்கி முடுக்கினா சரியான உயரம் வந்துடும். ஜல்லி டிரைவ்வேன்னா ஒரு அங்குலத்துக்கு மேல தூக்கி வைக்கணும், இல்லைன்னா எதிர் வீட்டு ஜன்னலுக்கு நீங்கதான் பணம் கட்டணும்.

ச்சூட் அடைக்கிறது, அதாவது ஸ்னோ வெளிய வீசுற குழாய் அடைக்கிறது, பூஜ்ஜியத்தை ஒட்டின டெம்பரேச்சர்ல விழுற ஈர ஸ்னோலதான் நடக்கும். அரைச்ச மாவு மாதிரி அப்பிக்கும். என்ஜினை குறைக்காம முழு ஸ்பீடுல வச்சுட்டு நடையை மட்டும் குறைங்க, பாதி அகலம் மட்டும் வெட்டுங்க, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ச்சூட்ல சிலிக்கான் ஸ்ப்ரே அடிச்சுக்கோங்க. அப்படியும் அடைச்சா என்ஜினை ஆஃப் பண்ணி, சாவியை உருவி, எல்லாம் நிக்கிற வரைக்கும் இருந்துட்டு, மெஷின்ல மாட்டியிருக்கிற பிளாஸ்டிக் கரண்டியால குத்தி எடுங்க. கை விடவே கூடாது. ஆஃப் பண்ணியாச்சேன்னு விடுறவங்கதான் விரலை இழக்குறாங்க, ஏன்னா பெல்ட்லயும் ஆகர்லயும் இழுவிசை மிச்சம் இருக்கும், அடைப்பு விலகின நொடி அது அரை சுத்து சுத்தும். அரை சுத்து போதும். இந்த ஒரு விஷயத்துல எனக்கு விளையாட்டே கிடையாது, என் பையனுக்கு மெஷினை தொட விட்டதே இதை மூணு தடவை திருப்பி சொல்ல வச்சப்புறம்தான். கராஜ் கதவை தொறந்து வச்சுட்டு உள்ளயே ஓட்டி சூடு பண்றதும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள போயிடும்.

இனி வாங்குற விஷயம். உங்க மெஷின் சரியாயிட்டா வாங்க வேண்டிய தேவையே இல்ல, இருந்தாலும் கேட்டிருக்கீங்க, இதை படிக்கிற வேற யாருக்காவது உதவும்.

எல்லாரும் பண்ற தப்பு, எத்தனை செ.மீ. ஸ்னோ விழும்னு பாத்து மெஷின் வாங்குறது. டொராண்டோ பக்கம் வருஷத்துக்கு சராசரி 120 செ.மீ. மாதிரி விழுது, ஒட்டாவால 200 தாண்டும், அது சரி. ஆனா அது ஒரேயடியா விழுறதில்லையே. நம்மளை கொல்றது விழுற ஸ்னோ இல்ல, நம்ம தள்ளி முடிச்சு உள்ள போய் ஷூவை கழட்டின அஞ்சாவது நிமிஷம் ரோட்டு ஸ்னோவை தள்ற சிட்டி வண்டி வந்து டிரைவ்வே வாய்ல போட்டுட்டு போற வரப்பு. கணக்கு போட்டு பாருங்க. உங்க டிரைவ்வே அஞ்சரை மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம்னு வச்சுக்கோங்க. 20 செ.மீ. விழுந்தா 11 கன மீட்டர். புது ஸ்னோ கன மீட்டருக்கு 100 கிலோன்னா மொத்தம் 1,100 கிலோ. இப்ப வரப்பு: அதே அஞ்சரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம், 2.75 கன மீட்டர்தான். ஆனா அது வண்டி நசுக்கி உருட்டி, உப்பு தண்ணியும் ஐஸ் கட்டியும் கலந்தது, கன மீட்டருக்கு 400 கிலோன்னு குறைச்சு வச்சாலும் 1,100 கிலோ. முழு டிரைவ்வேயும் அந்த ஒரு வரப்பும் எடையில சமம்! மெஷினை அந்த வரப்பைப் பாத்து வாங்கணும்.

சிங்கிள்-ஸ்டேஜ்ங்கிறது ரப்பர் துடுப்பு தரையைத் தொட்டு சுத்தி, அள்றதும் வீசுறதும் அதுவே. லேசு, தரையை வழிச்சு துடைச்ச மாதிரி எடுக்கும், ஒரு கார் டிரைவ்வே, டவுன்ஹவுஸ்க்கு அருமை. 15, 20 செ.மீ. வரைக்கும் சந்தோஷமா போகும். வரப்புல முட்டினா மேல ஏறி நிக்கும், மூக்கால உரசி உரசி அரை மணி நேரம் ஆகும். ஜல்லிக்கு ஆகவே ஆகாது. டூ-ஸ்டேஜ்ல இரும்பு ஆகர் உடைச்சு உள்ள இழுக்கும், பின்னாடி இம்பெல்லர் அதை வாங்கி தூர வீசும், சக்கரமும் தானா ஓடும். வரப்பை கடிக்கிறதுக்கு இதுதான். இப்படி அள்ளி வீசுற மெஷினை ரோட்டுக்கு கொண்டு வந்தவர் க்யூபெக்காரர் ஆர்தர் சிகார்ட், கதிரடிக்கிற மெஷினைப் பாத்து தோணுச்சுன்னு சொல்வாங்க, 1925-ல செஞ்சு 1927-ல மான்ட்ரியல் பக்கத்து ஊட்ரமோன் ஊருக்கு முதல் வண்டியை வித்தார். வயல் மெஷின்ல பிறந்ததாலதானோ என்னமோ எனக்கு அது வரப்புன்னே வாய்ல வருது.

டூ-ஸ்டேஜ்ல 24 அங்குலம் உங்களுக்கு தாராளம். 28, 30-ன்னு கடையில ஆசை காட்டுவாங்க, கராஜ்ல ரெண்டாவது காரை எங்க நிறுத்துவீங்கன்னு முதல்ல அளந்து பாருங்க, பக்கவாட்டு சந்துல நுழையுமான்னும் பாருங்க. அகலத்தை விட என்ஜின் முக்கியம், 200 சிசிக்கு மேல இருக்கட்டும். கியர்பாக்ஸ் வார்ப்பு இரும்பா இருந்தா நல்லது. 80, 100 கிலோ எடையை டிரைவ்வே முனையில திருப்பணும், அதனால லீவரை அழுத்தினா ஒரு பக்க சக்கரம் விட்டுக் கொடுக்கிற ஸ்டியரிங் இருந்தா முதுகு வாழ்த்தும். லைட் அவசியம், காலை ஆறு மணிக்கு இருட்டுலதான் பாதி நாள் வேலை. கை சூடு பண்ற ஹேண்டில் ஆடம்பரம்னு சொல்லிட்டு இருந்தேன், மைனஸ் பதினெட்டுல ஒரு தடவை பிடிச்சப்புறம் சொல்றதில்ல. ஏரியன்ஸ், டோரோ, ஹோண்டா மாதிரி பார்ட்ஸ் சுலபமா கிடைக்கிற பேரா பாருங்க.

பேட்டரி மெஷின் பத்தி நீங்க ரொம்ப ஆசையா எழுதியிருக்கீங்க. நான் எதிரி இல்ல. கார்ப் இல்ல, ஆயில் இல்ல, காலைல அக்கம்பக்கம் தூக்கம் கெடாது. ஆனா ஒரு கணக்கு: 56 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி ரெண்டு போட்டா மொத்தம் 560 வாட்-அவர், நம்ம ஊர் கணக்குல அரை யூனிட் கரண்ட்டுக்கு கொஞ்சம் மேல. ஒரு லிட்டர் பெட்ரோல்ல ஒன்பது யூனிட் சூடு இருக்கு, இந்த சின்ன என்ஜின் அதுல அஞ்சுல ஒரு பங்குதான் வேலையா மாத்தும்னு வச்சாலும் ரெண்டு யூனிட்டுக்கு கொஞ்சம் கம்மி. ஆக அந்த ரெண்டு பேட்டரியும் சேர்ந்து கால் லிட்டர் சொச்சம் பெட்ரோல்! டேங்க்ல ரெண்டு மூணு லிட்டர் பிடிக்கும், தீர்ந்தா ஊத்திக்கலாம், பேட்டரி தீர்ந்தா வரப்பு பாதியில நிக்கும்போது ஒரு மணி நேரம் சார்ஜ் போடணும். குளிர்ல திறன் இன்னும் குறையும், உறைநிலைக்கு கீழ சார்ஜ் போட்டா லித்தியம் பேட்டரி கெட்டுப்போகும், அதனால பேட்டரியை வீட்டுக்குள்ள வச்சு வேலைக்கு முன்னாடிதான் மாட்டணும். ஒரு கார் டிரைவ்வேக்கு நான் கண்ணை மூடிட்டு பேட்டரி சிங்கிள்-ஸ்டேஜ் வாங்க சொல்வேன், குறிப்பா அதே பேட்டரில புல்வெட்டுற மெஷின் ஏற்கனவே இருந்தா. ரெண்டு கார் டிரைவ்வே, வரப்பு, கையில ஓடுற டூ-ஸ்டேஜ்னு இருக்கிற உங்களுக்கு, இப்ப வேண்டாம்.

2025 பிப்ரவரில ஒரே வாரத்துல ரெண்டு புயல் அடுத்தடுத்து வந்து டொராண்டோல அரை மீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த வாரம் தெருவுல எந்தெந்த மெஷின் எந்தெந்த இடத்துல நின்னுச்சுன்னு பாத்திருந்தா நான் இவ்ளோ எழுத வேண்டியிருக்காது.

பழசு வாங்குறவங்களுக்கு: நீங்க ஏப்ரல்ல வாங்கினது புத்திசாலித்தனம், டிசம்பர்ல அதே மெஷின் எழுநூறு. மாடு வாங்குறவன் பல்லைப் பிடிச்சு பாக்குற மாதிரி, போன உடனே சைலன்சரை தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கார்னு அர்த்தம், ஆறிக் கிடக்கிற என்ஜின்ல ஸ்டார்ட் ஆகுறதுதான் பரீட்சை. ஷியர் பின் இருக்க வேண்டிய இடத்துல சாதாரண போல்ட் இருக்கா, கியர்பாக்ஸ்ல எண்ணெய் கசியுதா, இம்பெல்லரை (சாவியை எடுத்துட்டு, ப்ளக் வயரை கழட்டிட்டு) ஆட்டினா லொட லொடன்னு ஆடுதா, ஸ்க்ரேப்பர் தேஞ்சு பெட்டியோட அடிப்பகுதியே தேய ஆரம்பிச்சிடுச்சா. பெயின்ட் உரிஞ்சிருந்தா கவலைப்படாதீங்க.

எந்த மெஷின் வச்சிருந்தாலும் படிக்கட்டு, கார் பக்கம்னு கை ஷவல் தேவைப்படும். தள்றதுக்கு வளைஞ்ச அகலமான புஷர் ஒண்ணு, அள்றதுக்கு சின்னது ஒண்ணு. பெரிய ஷவல் வாங்கி நிறைய அள்ளலாம்னு நினைக்காதீங்க, ஈர ஸ்னோன்னா ஒரு வாரு பத்து கிலோ வந்துடும். க்யூபெக்ல பல வருஷ ஆஸ்பத்திரி கணக்கை வச்சு 2017-ல கனடா மருத்துவ சங்க இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 20 செ.மீ. ஸ்னோ விழுந்த மறுநாள் ஆம்பளைங்க ஹார்ட் அட்டாக்ல ஆஸ்பத்திரிக்கு போற வாய்ப்பு 16 சதவீதம் கூடுது, சாகுற வாய்ப்பு 34 சதவீதம் கூடுதுன்னு. சுகரும் பிரஷரும் வச்சுக்கிட்டு, ஊர்லேர்ந்து வந்திருக்கிற அப்பா "சும்மாதானே இருக்கேன், நான் தள்றேன்"னு ஷவலை எடுத்தா தயவுசெஞ்சு பிடுங்கி வச்சிடுங்க.

உப்பு பத்தி ரெண்டே வார்த்தை. சாதாரண ராக் சால்ட் மைனஸ் பத்துக்கு கீழ பேருக்குத்தான் வேலை செய்யும், அதுக்கு கீழ போனா கால்சியம் குளோரைடு, இல்லைன்னா மணல் தூவி வழுக்காம மட்டும் பாத்துக்கலாம். புதுசா போட்ட கான்கிரீட்ல முதல் விண்டர் உப்பு போடாதீங்க. தள்ற ஸ்னோவை ரோட்டுல தள்றது ஒன்டாரியோ ஹைவே ட்ராஃபிக் சட்டப்படி குற்றம், புல்வெளில குவிங்க, இடது வலது பக்கத்து வீட்டுக்காரர் எல்லையையும் பாத்துக்கோங்க, வேலி சண்டை இங்கயும் வரும்.

இந்த சனிக்கிழமை வெயில் இருக்குன்னு பாத்தேன், அன்னைக்கே கார்ப்பை தொறந்துடுங்க, முதல் ஸ்னோ வரைக்கும் தள்ளிப்போடாதீங்க. புது பெட்ரோல் வாங்கும்போதே கேன்ல ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாம பாத்துக்கிற மருந்து) ஊத்திடுங்க, மார்ச் கடைசியில வால்வை மூடிட்டு என்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட்டி கிண்ணத்தையும் காலி பண்ணி வச்சிட்டா அடுத்த நவம்பர்ல எனக்கு எழுத வேண்டியிருக்காது. வடிச்ச பழைய பெட்ரோலை சாக்கடையில ஊத்தாதீங்க, உங்க ரீஜியன்ல ஆபத்தான குப்பை வாங்குற டிப்போ இருக்கும், அங்க கொடுத்திடுங்க. என்ஜின் மேல ஒட்டியிருக்கிற மாடல் நம்பரையும், மூடியை கழட்டினப்புறம் கார்ப்பை ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்க, பைலட் ஜெட் எங்க இருக்குன்னு வட்டம் போட்டு திருப்பி அனுப்புறேன்.